முட்டுக் கொடுத்த பட்டை

என் மூன்று சக்கர வண்டிக்கு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் இருமல் வரும். அதற்குக் கீழே ஓட்டினால் ஒன்றும் இல்லை. அதைத் தாண்டிவிட்டாலும் ஒன்றும் இல்லை. அந்த இடைப்பட்ட வேகத்தில் நிதானமாகப் போகலாம் என்று நினைத்தால்தான் வம்பு. இஞ்சின் இரண்டு முறை தும்மும், முன்விளக்கு மினுக்கென்று கண்ணடிக்கும், பிறகு எதுவுமே நடக்காதது போல ஓடும்.

பிளக்கை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று டேங்கையே காலி செய்தேன். முன்விளக்கு ஏன் கூடவே மினுக்குகிறது என்று மட்டும் யோசிக்கவில்லை. கார்புரேட்டருக்கும் முன்விளக்குக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருந்திருக்காது.

துப்புக் கொடுத்தது கியர்தான். நான்காவது கியரில் வரும் இருமல், மூன்றாவதில் கொஞ்சம் குறைந்த வேகத்திலேயே வந்துவிடும். அப்படியென்றால் இது சாலையின் வேகத்தைப் பார்த்து வரவில்லை, இஞ்சினின் சுற்றைப் பார்த்து வருகிறது. வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை மெல்ல முறுக்கினேன். நின்ற இடத்திலேயே, அதே சுற்றில், அதே தும்மல். குண்டுகுழியில் மட்டும் கோளாறு வந்தால் சக்கரத்தின் பக்கம் தேட வேண்டும். சுற்றோடு ஒட்டி வந்தால் இஞ்சினின் அதிர்வைத் தேட வேண்டும். இந்த ஒரு பிரிவினை தெரிந்திருந்தால் பாதி நாள் மிச்சம்.

பின்பக்க மூடியைத் திறந்தேன். என் வண்டியில் இஞ்சின் பின்னால்தான். அதற்குச் சற்று முன்னால், சேஸிஸின் குறுக்குக் குழாயிலிருந்து விரித்த கையளவுக்கு ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் சிடிஐ பெட்டி, மின்சாரத்தை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர், பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே, ஃபியூஸ் பாக்ஸ் எல்லாம் அதன்மேல் குடியிருக்கின்றன. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிடிஐ-யைத் தொட்டுப் பார்க்கலாம் என்று விரலை வைத்தேன். தகடு ஒரு பக்கமாகக் கையோடு வந்தது. மூன்று போல்ட்டில் ஒன்று ஓட்டையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. இன்னொன்றின் அருகே, தகடு மடங்கும் மூலையில், தலைமுடி போல ஒரு கீறல்.

அந்த போல்ட்டைச் சுற்றி மைதா போல நைசாக ஒரு செந்தூள் படிந்திருந்தது. சாதாரணத் துரு செதில் செதிலாக வரும், அப்பிக்கொண்டிருக்கும். இது ஊதினால் பறந்தது. இறுக்கிப் பிடித்த இரண்டு இரும்புகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, ஆனால் ஓயாமல், ஒன்றோடொன்று உரசினால்தான் இந்தத் தூள் வரும். இறுக்கமாக இருப்பதாக நாம் நம்பும் இடத்தில் இதைக் கண்டால், அந்த நம்பிக்கை பொய் என்று அர்த்தம்.

கீறல் எதுவரை ஓடியிருக்கிறது என்று கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பழைய ரயில்வே பட்டறை வித்தை ஒன்று இருக்கிறது. தகட்டை நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மறுபடி வறளத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைப் பூச வேண்டும். கீறலுக்குள் போய் ஒளிந்த எண்ணெய் மெதுவாகக் கசிந்து வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாக ஊறும். எனக்கு ஒரு விரற்கடை நீளம் என்று தெரிந்த கீறல், பொடியில் மூன்று விரற்கடைக்கு நீண்டது. இன்னொரு மூலையில் நான் சந்தேகப்படாத ஒன்றும் எட்டிப் பார்த்தது.

மூன்று சக்கர வண்டியில் மின்சாமான்கள் ஏன் இவ்வளவு பாடு படுகின்றன? முதல் காரணம் இஞ்சின். ஒற்றை சிலிண்டர். ஒரே பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும்போது அதைச் சமன் செய்ய எதிரே இன்னொன்று இல்லை. எதிர் எடை வைத்தாலும் உதறலைத் திசை திருப்ப முடியுமே தவிர முழுதாக ஒழிக்க முடியாது. இரண்டாவது காரணம் சக்கரங்களின் அமைப்பு. நான்கு சக்கர வண்டி சாலையில் இரண்டு தடம் போடும். எதிரே ஒரு பள்ளம் வந்தால் இரண்டு தடத்துக்கும் நடுவே விட்டுவிடலாம். மூன்று சக்கரத்தில் தடமும் மூன்று. நடுவில் விட்ட பள்ளத்தில் ஒற்றைச் சக்கரம் போய் இறங்கும். ஆக, முன்னாலிருந்து குத்து, பின்னாலிருந்து உதறல். முன்பக்கத்தில் விளக்கின் தாங்கிகளும் ஹாரனின் தகடும் குத்தால் உடைகின்றன. பின்பக்கத்தில் இருப்பவை உதறலால் உடைகின்றன. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

தகட்டைத் தூக்கிக்கொண்டு வெல்டிங் போடுபவரிடம் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு மேல கனமா ஒரு தகட்டைப் போட்டு அடிச்சிருவோம் தம்பி. அப்புறம் ஜென்மத்துக்கும் உடையாது.”

“வண்டியில வச்சே அடிக்க முடியாதாண்ணே?”

“முடியும். பேட்டரி வயரையும் சிடிஐ சாக்கெட்டையும் கழட்டாம அடிச்சா, தகடு ஒட்டிக்கும், சிடிஐ போயிரும். பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று சொல்ல முடியுமா? தகட்டைக் கழற்றிக் கொண்டுபோனதே நல்லது என்று நினைத்துக்கொண்டேன். அவர் கனமாக ஒரு ஒட்டுப் போட்டார். பார்க்க மலைபோல இருந்தது. மாட்டினேன், வண்டி இருமவில்லை.

ஜென்மம் ஐந்து வாரத்தில் முடிந்தது.

இந்த முறை ஒட்டு அப்படியே இருந்தது. ஒட்டுக்கு அடுத்த கால் அங்குலத்தில், ஓரம் ஓரமாக, கோடு கிழித்த மாதிரி உடைந்திருந்தது. வெல்டிங் போட்டவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அது அநியாயம் என்று பின்னால்தான் புரிந்தது. இரும்பு ஒரே அடியில் உடைவது வேறு, களைத்து உடைவது வேறு. 1842-இல் பிரான்சில் வெர்சாய் அருகே ஒரு ரயிலின் அச்சு முறிந்து பெரிய விபத்து நடந்தது. நன்றாகத்தானே இருந்தது, எப்படி முறிந்தது என்று அந்தக் காலத்துப் பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பிறகு ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்பவர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றி வளைத்துப் பரிசோதித்துக் காட்டினார்: ஒரு தடவை தாங்கும் சுமையில் பாதியைக்கூட லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்பக் கொடுத்தால் இரும்பு முறியும்.

லட்சம் என்றால் நமக்குப் பெரிய எண்ணாகத் தெரிகிறது. இஞ்சினுக்கு இல்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் வினாடிக்கு 50 உதறல். ஒரு மணி நேரத்தில் 1,80,000. ஐந்தரை மணி நேரம் ஓட்டினால் 10 லட்சத்தை நெருங்கிவிடும். ஐந்து வாரத்தில் என் தகடு எத்தனை கோடி முறை தலையாட்டியிருக்கும் என்று கணக்குப் போட்டபோது, அது ஐந்து வாரம் தாங்கியதே பெரிது என்று தோன்றியது.

கனமான ஒட்டு செய்த வேலை என்ன? அது தன் இடத்தை மட்டும் விறைப்பாக்கியது. வளைவு முழுவதும் ஒட்டு முடியும் ஓரத்தில் போய்க் குவிந்தது. அந்த ஓரம்தான் வெல்டிங் சூட்டில் ஏற்கெனவே தன் குணம் மாறிய இடம். போதாக்குறைக்கு ஒட்டின் எடையும் சேர்ந்துகொண்டது. நோயை நான் ஒரு அங்குலம் தள்ளி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த யோசனை ரப்பர். அதிர்வுதானே பிரச்சினை, தகட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ரப்பர் வை, ஒவ்வொரு சாமானுக்கும் அடியிலும் ரப்பர் வை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அத்தனையையும் ரப்பரில் மிதக்கவிட்டேன். பெருமையோடு ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினேன்.

நிசப்தம். ‘டக்’ என்ற ரிலே சத்தம்கூட இல்லை.

அரை மணி நேரம் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தால் 12.6 வோல்ட், குறையே இல்லை. பிறகுதான் உறைத்தது. என் வண்டியில் ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு எர்த் வயர் என்று தனியாக ஒன்று கிடையாது. ரிலேயின் உடம்பு தகட்டைத் தொடும், தகடு சேஸிஸைத் தொடும், சேஸிஸ் பேட்டரியின் மைனஸைத் தொடும். அந்தத் தொடுகைதான் எர்த். நடுவில் ரப்பரை வைத்து நானே வழியை அடைத்திருக்கிறேன்.

அங்கேதான் பழைய தும்மலுக்கும் விடை கிடைத்தது. தகடு வெறும் தாங்கி அல்ல, அதுவும் ஒரு வயர். அதன் போல்ட்டுகள்தான் அந்த வயரின் இணைப்புகள். போல்ட் உரசித் துருத்தூள் படிந்த இடத்தில் மின்சாரம் விட்டு விட்டுப் பாய்ந்திருக்கிறது. அதனால்தான் இஞ்சினும் விளக்கும் ஒரே நேரத்தில் கண்ணடித்தன. தாங்கி உடைந்ததால் வந்த கோளாறு என்று நினைத்திருந்தேன். உடைவதற்கு வெகு நாள் முன்பே, உரச ஆரம்பித்த அன்றே கோளாறு தொடங்கிவிட்டது.

பேட்டரி மைனஸுக்கும் ரிலே உடம்புக்கும் இடையே மீட்டரை வைத்து, ஒரு துண்டு வயரால் இரண்டையும் இணைத்தேன். உடனே ‘டக்’. ஒவ்வொரு சாமானுக்கும் தனி எர்த் வயர் இழுத்து, எல்லாவற்றையும் சேஸிஸில் பெயின்ட் சுரண்டிய ஒரே இடத்தில் சேர்த்தேன். இதைச் சோதிக்க மீட்டரை ஓம்ஸில், அதாவது மின்தடையை அளக்கும் நிலையில், வைத்துப் பார்த்துப் பயனில்லை. ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் நல்ல பிள்ளையாகப் பூஜ்யம் காட்டும். இஞ்சின் ஓடி, விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்போது, பேட்டரி மைனஸுக்கும் சாமானின் உடம்புக்கும் நடுவே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்க்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் ஏறினால் எங்கோ ஒரு இணைப்பு திருடுகிறது.

ரப்பரில் இன்னொரு பாடமும் இருந்தது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ரெகுலேட்டரைத் தொட்டேன், விரல் சுட்டது. ரெகுலேட்டர் மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கித்தான் தீர்க்கிறது. அதனால்தான் அலுமினியத்தில் சீப்புப் பல் போல வரி வரியாகச் செய்திருக்கிறார்கள். அந்தச் சூடு காற்றில் மட்டும் போவதில்லை, பின்னாலிருக்கும் இரும்பு வழியாகவும் இறங்க வேண்டும். ரப்பரை வைத்து நான் அதற்குக் கம்பளி போர்த்திவிட்டிருந்தேன். அன்றே ரப்பரை உருவிவிட்டு, நேராகச் சேஸிஸ் குழாயில், இரும்போடு இரும்பாக மாட்டினேன். சிடிஐ-க்கு ரப்பர் நல்லது, ரெகுலேட்டருக்கு அது விஷம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று போனது என் சோம்பேறித்தனம்.

எர்த் சரியானது, சூடு சரியானது. தகடு மட்டும் இன்னும் ஆடியது. இன்னும் சொல்லப்போனால் முன்னைவிட மோசமாக ஆடியது.

போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. வினாடிக்கு 240 படம். மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, இஞ்சினை மெல்ல ஏற்றிக்கொண்டே எடுத்தேன். வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது, வீடியோவில் சாவகாசமாக ஒரு நாடகம் போல ஓடியது. இஞ்சின் தன் ரப்பர் புஷ்களின்மேல் இப்படியும் அப்படியும் சாய்ந்தாடுகிறது. அது அப்படித்தான் ஆட வேண்டும், அதற்குத்தான் அந்த புஷ். சேஸிஸ் கிட்டத்தட்ட அசையவில்லை. இரண்டுக்கும் நடுவே தகடு. தகட்டின் நுனியிலிருந்து, இஞ்சினோடு சேர்ந்து ஆடும் அதன் தொட்டில்வரை ஓர் இரும்புப் பட்டை. இஞ்சின் சாயும்போதெல்லாம் பட்டை தகட்டைத் தள்ளுகிறது, நிமிரும்போதெல்லாம் இழுக்கிறது. பம்ப்படியில் தண்ணீர் அடிப்பது போல.

அந்தப் பட்டையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமா, இரண்டு முறை கழற்றித் துடைத்து நானே திருப்பி மாட்டியிருக்கிறேன். கறுப்புப் பெயின்ட் அடித்து, கம்பெனியிலிருந்தே வந்தது போலச் சமர்த்தாக இருந்தது. எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்த யாரோ, தகடு ஆடுகிறதே என்று நல்லெண்ணத்தில் முட்டுக் கொடுத்திருக்கிறார். ஆடாத சேஸிஸில் ஒரு கால், ஆடும் இஞ்சினில் ஒரு கால். நடுவில் மாட்டிய தகடு என்ன செய்யும்? அதில் நான் வேறு சேஸிஸ் பக்கம் ரப்பர் வைத்து இளக்கிவிட்டேன். தகடு சேஸிஸை விட்டு முழுதாக இஞ்சின் கட்சிக்குத் தாவிவிட்டது.

பட்டையைக் கழற்றினேன். வீடியோ எடுத்தேன். ஆட்டம் பாதியாகக் குறைந்தது; போகவில்லை.

முட்டு இல்லாமல் நீண்டிருக்கும் தகட்டுக்கு என்று ஒரு சொந்த ஆட்டம் உண்டு. நுனியை விரலால் சுண்டி வீடியோவில் எண்ணினேன். பத்து ஆட்டத்துக்கு 40 படம். அதாவது வினாடிக்கு 60 ஆட்டம். இஞ்சின் 3,600 சுற்றில் ஓடும்போது அதுவும் வினாடிக்கு 60. ஊஞ்சல் திரும்பும் கணம் பார்த்து ஒவ்வொரு முறையும் தள்ளினால் சின்னப் பிள்ளைகூட உயரமாக ஆட்டிவிடும் இல்லையா, அதுதான் நடக்கிறது. முதலில் முட்டுக் கொடுத்தவரும் இதைத்தான் பார்த்திருப்பார். அவருடைய கவலையில் தப்பில்லை, முட்டு நின்ற இடத்தில்தான் தப்பு.

தப்பிக்க வழி, தகட்டின் சொந்த ஆட்டத்தை இஞ்சின் எட்டாத உயரத்துக்கு ஏற்றுவது. ஒரு நீளத் தாளை ஓர் ஓரத்தில் பிடித்தால் தொங்கிவிடும். பாதியாகக் கிழித்துப் பிடித்தால் நிற்கும். பக்கவாட்டு ஓரங்களை மட்டும் மேலே மடித்துப் பிடித்தால் முழு நீளத் தாளே விறைத்து நிற்கும். இரும்பிலும் அதே கணக்கு. நீட்டம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு. தடிமனை இரட்டிப்பாக்கினாலும் எட்டு மடங்கு விறைப்புதான், ஆனால் எடையும் கூடிவிடும். ஓரத்தை மடிப்பதில் எடை ஏறாது, விறைப்பு ஏராளமாக ஏறும். கனத் தகட்டைத் தேடி அலைவதற்குப் பதில் மெல்லிய தகட்டின் இரண்டு ஓரத்தையும் ஒரு விரற்கடை மடிக்கலாம்.

புதுத் தகடு வெட்டினேன். பழையதில் பாதி நீளம், இருபுறமும் மடித்த ஓரம். கனமான ரெகுலேட்டர் ஏற்கெனவே வேறு வீடு போய்விட்டது. ரிலேவைத் தகட்டின் நுனியிலிருந்து சேஸிஸ் பக்கத்து வேருக்கு மாற்றினேன். நுனியில் இருக்கும் எடைதான் ஆட்டத்துக்கு எஜமான். மடிப்பின் உள்மூலையை வெடுக்கென்று ஒடிக்காமல் ஒரு கம்பியை வைத்து உருண்டையாக மடித்தேன். ஓட்டைகளின் பிசிறை அரத்தால் ராவி, பெரிய பிட்டை வைத்துக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி விளிம்பை மழுக்கினேன். விரிசல் எப்போதும் ஒரு கூர்மையைத் தேடித்தான் பிறக்கிறது. பழைய தகட்டையே வைத்து ஓட்ட வேண்டிய கட்டாயம் வந்தால், கீறலின் நுனியைக் கண்டுபிடித்து அங்கே மூன்று மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் அது கொஞ்ச நாள் நிற்கும். வீடு போய்ச் சேர உதவும், அதற்குமேல் நம்பக்கூடாது.

புதுத் தகட்டைச் சேஸிஸில் மாட்டிச் சுண்டினேன். பழையது ‘தொப்’ என்றது. இது ‘டிங்’ என்றது. வீடியோவில் எண்ண முடியவில்லை, அவ்வளவு வேகம், அவ்வளவு சிறிசு.

சிடிஐ-க்கு மட்டும் ரப்பரை விட்டுவைத்தேன், ஆனால் முறையாக. ஓட்டையில் பொருத்தும் ரப்பர் வளையமான கிராமெட்டுக்குள் ஒரு சின்ன இரும்புக் குழல் இருக்கும். போல்ட் அந்தக் குழலைத்தான் இறுக்க வேண்டும், ரப்பரை அல்ல. என் வண்டியில் அந்தக் குழல்கள் எந்தக் காலத்திலோ தொலைந்துபோய், ரப்பர் நசுங்கிக் கல்லாகியிருந்தது. நசுங்கிய ரப்பர் ரப்பரே இல்லை. அதுபோல, கைக்குக் கிடைத்த மெத்து மெத்தென்ற ரப்பரும் ஆகாது. ரப்பர்மேல் உட்கார்ந்த சாமானுக்கும் ஒரு சொந்த ஆட்டம் உண்டு. இஞ்சினின் அதிர்வு அதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தைத் தாண்டினால்தான் ரப்பர் அதிர்வைத் தடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே அது தடுக்காது, கூட்டிக் கொடுக்கும்.

வயர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சாமான் ஆடும் பக்கத்தில் இருந்தால் வயரின் முதல் கிளிப்பும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்; பிறகு ஒரு தளர்ந்த வளையம் விட்டு அடுத்த பக்கம் தாண்ட வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்பைவிட, நன்றாகக் கிரிம்ப் செய்தது, அதாவது உலோக முனைக்குள் வயரை வைத்து நசுக்கிப் பிடித்தது, அதிர்வுக்குத் தாங்கும். ஈயம் இழைகளுக்குள் ஏறி முடியும் இடத்தில் வயர் விறைத்து, அங்கேயே ஒடியும். நம் தகட்டின் கதைதான், சின்ன அளவில்.

போல்ட்டுகளில் நான் நிறையப் பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். ஸ்பிரிங் வாஷர் போட்டால் கழலாது என்பது பலருக்கு மதம் மாதிரி. 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் போல்ட்டைப் பக்கவாட்டில் அசைக்கும் ஓர் இயந்திரத்தை வைத்து, போல்ட் எப்படிக் கழல்கிறது என்று காட்டினார். இறுக்கிய இரண்டு பரப்புகள் குறுக்காக வழுக்கினால், திருகு தானாகவே பின்னோக்கிச் சுழலும். அந்தச் சோதனையில் சாதாரண ஸ்பிரிங் வாஷர் பெரிதாக உதவுவதில்லை. பரப்புகள் வழுக்காத அளவுக்கு இறுக்கம் இருப்பதுதான் முதல் காவல். 8.8 என்ற பலக்குறியைத் தலையில் குத்திய எம்6 (ஆறு மில்லிமீட்டர்) போல்ட் என்றால் முறுக்கும் விசை சுமார் 10 நியூட்டன் மீட்டர். பெயின்ட்டுக்கு மேல் வாஷர் வைத்து இறுக்கினால், பெயின்ட் நசுங்க நசுங்க இறுக்கம் போய்விடும். நைலான் வளையம் உள்ள நட்டு நல்லதுதான், ஆனால் சைலன்ஸர் பக்கத்தில் போட்டால் நைலான் சூட்டில் செத்துவிடும்.

கடைசியாக, இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் தகட்டுக்கு மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தேன். போல்ட் அசைந்தால் கோடு உடையும். ஸ்பானர் தேவையில்லை, மூடியைத் திறந்து ஒரு பார்வை போதும்.

மழைக்காலம் ஒன்று கழிந்தபின் திறந்து பார்த்தேன். கோடுகள் எல்லாம் நேராக இருந்தன. செந்தூள் இல்லை. அந்தப் பழைய வேகத்தில் வேண்டுமென்றே ரொம்ப நேரம் ஓட்டினேன், தும்மல் வரவில்லை. அந்தப் பட்டையை இன்னும் தூக்கிப் போடவில்லை. பின்னால் டூல்ஸ் பெட்டியில் கிடக்கிறது, பெயின்ட்கூட உரியாமல்.

மூடியை மூடப்போகும்போது பேட்டரியின் மேல் கண் போனது. அதைப் பிடித்து வைக்கும் கிளாம்ப்புக்கு நான் மஞ்சள் கோடு இழுக்க மறந்திருக்கிறேன். விரலால் தள்ளினேன். பேட்டரி இடம் வலமாக அரை அங்குலம் நகர்ந்து, தட்டின் ஓரத்தில் இடித்து நின்றது. ஓயாத குலுக்கலில் பேட்டரியின் உள்தட்டுகளிலிருந்து பசை உதிர்ந்து அடியில் சேரும் என்று எனக்குத் தெரியும். எத்தனை நாளாக இப்படி இடித்துக்கொண்டிருக்கிறதோ. மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஸ்பானரை எடுக்கப் போனேன்.